மையவாடி மூலையில் இருந்த எருக்கு



போன மாதம் டெங்குச் சிரமதானத்தில் நமது மையவாடியின் பின்மூலையை வெட்டித் துப்புரவாக்கினோம். பாடசாலைப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனது நாம்தான். எருக்கம் பற்றை முழுவதும் போயிற்று. இலைகளுக்கு அடியில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையம் போட்ட புழுக்கள் இருப்பதை ஒரு மாணவன் காட்டியபோது குப்பைக்குத் தீ வைத்தாகிவிட்டது. நுளம்பு பெருகுவது தேங்கிய தண்ணீரில், எருக்கில் அல்ல. பிள்ளைகளுக்கு அதைப் படிப்பிக்கும் நாமே அன்று மறந்துபோனோம்.

அந்தப் புழுதான் பிறகு செம்மஞ்சள் சிறகும் கறுப்பு ஓரமும் கொண்ட வண்ணத்துப்பூச்சியாகிறது. அமெரிக்காவில் பேர்பெற்ற மொனாக் வண்ணத்துப்பூச்சிக்கு இது நெருங்கிய சொந்தம். மொனாக், கனடாப் பக்கமிருந்து மெக்சிக்கோ மலைகளுக்குப் பறந்துபோய்க் குளிர்காலத்தைக் கழிக்கிறது. அது கூடும் காட்டை ஆய்வாளர்கள் கண்டுபிடித்ததே 1975 இல்தான். அதன் புழு தின்பது எருக்கின் இனத்தைச் சேர்ந்த ஒருவகைப் பால்செடியை மட்டுமே. சோள, சோயா வயல்களில் களைகொல்லி அடித்து அந்தச் செடி அருகிப்போனதால், இன்று அங்கே வீட்டு வளவிலும் பாடசாலையிலும் அதைத் தேடி நடுகிறார்கள். நம்மிடம் யாரும் நடாமலே முளைத்து நின்றதை நாம் வெட்டினோம்.

பாழ்நிலம் என்ற சொல்லால் மாத்தளை முன்பும் அடிபட்டிருக்கிறது. 1840 இன் 12 ஆம் இலக்கச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் பயிரில்லாத நிலத்தையும் முடிக்குரியது என்றது. கிராமத்தவர்கள் சேனை வெட்டிப் பயிர்செய்து, பிறகு சில வருடம் ஆறவிட்ட காணியும் அந்தக் கணக்கில் பாழ்தான். அப்படிப் போன நிலங்கள் கோப்பித் தோட்டங்களாயின. 1848 மாத்தளைக் கிளர்ச்சிக்குப் புதிய வரிகள் உடனடிக் காரணம் என்றாலும், காணி போன கோபமும் அடியில் கிடந்தது. வீர புரன் அப்புவைப் பற்றி வகுப்பில் சொல்கிறோம். அழிந்த காட்டில் என்னென்ன உயிர்கள் இருந்தன என்று நாம் சொன்னதில்லை.

பார்த்து வைத்தவர்களும் இருந்தார்கள். பேராதனைப் பூங்காவுக்குப் பொறுப்பாயிருந்த த்வெயிட்ஸின் மேற்பார்வையில், டி அல்விஸ் குடும்பத்து ஓவியர்கள் இந்நாட்டு வண்ணத்துப்பூச்சிகளை வரைந்தார்கள். சிறகோடு நிறுத்தாமல் புழுவையும் கூட்டுப்புழுவையும் வரைந்ததுதான் அவர்களின் பெருமை. அந்தப் படங்களோடு பிரெடரிக் மூரின் நூல் 1880 முதல் 1887 வரை லண்டனில் மூன்று தொகுதிகளாக வந்தது. 1869 இல் கோப்பி இலையைத் தாக்கிய துருநோயின் மாதிரியை இங்கிலாந்துக்கு அனுப்பியவரும் இதே த்வெயிட்ஸ்தான். இருபது வருடத்துக்குள் கோப்பி முடிந்தது. மலை முழுக்க ஒரே பயிரை நட்டால் நோய்க்கு வழி திறந்துவிட்ட மாதிரி.

பிறகு தேயிலையும் கொக்கோவும் வந்தன. கொக்கோப் பூவைக் கருக்கட்ட வைப்பது கண்ணுக்கு எட்டாத அளவுச் சின்ன ஈக்கள். அவை பெருகுவது மரத்தடியில் உக்கும் இலையிலும் கோதிலும். மரத்தடியைத் துப்புரவாகக் கூட்டுகிறவருக்குக் காய் குறையும்! வனிலாவின் கதை வேறு. அதன் சொந்த மண் மெக்சிக்கோ. அங்குள்ள தேனீ இங்கே இல்லாததால் ஒவ்வொரு பூவையும் கையால் தொட்டுவிட வேண்டும், அதுவும் பூ விரிந்த காலையிலேயே. அந்த வித்தையை 1841 இல் ரியூனியன் தீவில் கண்டுபிடித்தவன் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன். பூச்சி இல்லாவிட்டால் அதன் வேலையை மனிதன் செய்ய எவ்வளவு பாடு என்பதை நமது வாசனைத் திரவியத் தோட்டங்களில் போய்ப் பார்க்கலாம்.

இலங்கையில் ஏறத்தாழ 250 இன வண்ணத்துப்பூச்சிகள் உண்டு. பலர் பூமரம் நட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். பூ விருந்தாளிக்குத் தேன் கொடுக்கும், அவ்வளவுதான். முட்டையிட இலை வேண்டும், அந்த இலையைப் புழு தின்ன நாம் விடவும் வேண்டும். தேசியிலும் கறிவேப்பிலையிலும் ஓட்டை விழுந்தால் உடனே மருந்து அடிக்கிறோம். கொன்றை இலையைத் தின்று வளரும் மஞ்சள் பூச்சிகள்தான் மார்ச், ஏப்ரலில் கூட்டமாகப் பறக்கின்றன. நாம் பாவாதமலை என்பதைச் சிங்கள மக்கள் வண்ணத்துப்பூச்சி மலை என்று பொருள்படச் சமனல கந்த என்பதும், அவை மலையைத் தரிசிக்கப் போகின்றன என்று நம்புவதும் உங்களுக்குத் தெரிந்ததே. ஒருவர் நட்ட மரத்தில் பறவையோ மிருகமோ தின்றாலும் அது ஸதகா என்று ஹதீஸில் கேட்டிருக்கிறோம். புழு தின்றாலும் அப்படித்தான் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம்.

பள்ளி நிர்வாகத்தோடு பேசினோம். கப்றுகளுக்கும் பாதைக்கும் அப்பாலுள்ள அந்த மூலையை இனி வெட்டுவதில்லை என்று இணங்கியிருக்கிறார்கள். தண்ணீர் தேங்கும் சிரட்டை, டயர், போத்தல் எதுவும் அங்கே கிடக்காமல் பார்ப்பது பெரிய வகுப்பு மாணவர்களின் பொறுப்பு. எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து, ஆகையால் சிறுபிள்ளைகள் தொடக்கூடாது. வேர் மண்ணில் இருந்ததால் இரண்டு இடத்தில் மீண்டும் துளிர்த்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். நம் நாட்டுக்கே உரிய பெரிய பொன்னிறச் சிறகு வண்ணத்துப்பூச்சிக்கு ஈஸ்வரமூலிக் கொடி வேண்டும். சிங்களத்தில் சப்சந்த என்பார்கள். யாருடைய வளவிலாவது இருந்தால் விதை தாருங்கள். அஸருக்குப் பிறகு பள்ளியடியில்தான் இருப்போம்.