ஆழம் தேடிய குழாய்கள்: பாஸ்ரா கடல் எண்ணெய் முனையங்களின் வளர்ச்சி

ஈராக்கின் பெரும் எண்ணெய் வயல்களான சுபைரும் ருமைலாவும் பாரசீக வளைகுடாவுக்கு அருகில் இருந்தும், அந்நாட்டுக்குக் கிடைத்த கடற்கரை அறுபது கிலோமீட்டருக்கும் குறைவானது. அதுவும் டைகிரிஸ், யூப்ரடிஸ் ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் வண்டலால் மேடிட்டுக் கிடப்பது. கப்பல் கரைக்கு வர இயலாத இடத்தில் குழாய்தான் கப்பலைத் தேடிச் செல்ல வேண்டும் என்ற கட்டாயமே அங்குள்ள முனையங்களின் வடிவமைப்பை அறுபது ஆண்டுகளாக நடத்திவந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் ஆழம் கிடைத்தது. அதற்கு ஈடாகக் கடலடிக் குழாயின் நீளமும் அதன் மீதான சார்பும் கூடின.

தொடக்கம் ஆற்றங்கரையில் அமைந்தது. 1951-இல் ஷத் அல் அரபு ஆற்றின் கழிமுகத்தை ஒட்டிய ஃபாவ் துறையிலிருந்து ஏற்றுமதி தொடங்கியபோது, முகத்துவாரத்தை அடைத்திருந்த வண்டல்திட்டைத் தாண்டும் அளவுக்கே கப்பல்களில் எண்ணெய் நிரப்ப முடிந்தது. உலகெங்கும் எண்ணெய்க் கப்பல்களின் உருவம் பெருத்துக்கொண்டிருந்த காலத்தில் இது நீடித்திருக்க வழியில்லை. எனவே 1962-இல் திறந்த கடலில் எஃகுத் தூண்களின் மீது கோர் அல் அமாயா முனையம் எழுந்தது.

எண்ணெய்த் தொழில் நாட்டுடைமையான 1970-களில் கட்டப்பட்ட மினா அல் பக்ர், அதாவது இன்றைய பாஸ்ரா எண்ணெய் முனையம், இந்த வரலாற்றின் மிகப் பெரிய பாய்ச்சல் எனலாம். ஒரே நேரத்தில் நான்கு பெருங்கப்பல்கள் அணைந்து நிற்கக்கூடிய அதற்கு, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஃபாவிலிருந்து 48 அங்குல விட்டமுள்ள இரு குழாய்கள் எண்ணெய் கொண்டுவந்தன. விட்டத்தின் தேர்வுக்கு வலுவான காரணம் உண்டு: குழாயின் விட்டம் இரட்டித்தால், அதே அழுத்த இழப்பில் பாயும் எண்ணெய் ஏறக்குறைய ஐந்தரை மடங்காகிறது. ஆனால் இத்தனை பெரிய எஃகுக் குழாய் காலியாக இருக்கையில் நீரில் மிதந்துவிடும் என்பதால், அதன் மேல் கற்காரைப் பூச்சு ஏற்றி எடை கூட்டுவது கடலடிக் குழாய்களுக்கான வழக்கம். கப்பலின் அடைப்பிதழ் திடீரென மூடப்பட்டால், ஓடிக்கொண்டிருந்த எண்ணெய் நெடுக அழுத்த அலையை எழுப்பிக் குழாயைச் சிதைக்கக்கூடும். இதழ் மூடும் வேகம், குழாய்ச் சுவரின் தடிமன், அழுத்தத்தைத் தணிக்கும் கருவி ஆகிய மூன்றும் சேர்த்தே கணக்கிடப்பட வேண்டும். முனையத்தின் உண்மையான வடிவமைப்பு, கண்ணுக்குத் தெரியும் மேடையில் அல்ல, சேற்றுக்குள் கிடக்கும் இந்தக் குழாயில்தான் இருக்கிறது.

திறந்த கடலில் நிற்கும் அமைப்பை ஒளிக்கவோ இடம் மாற்றவோ முடியாது. 1980 நவம்பரில் ஈரான் இரு முனையங்களையும் தாக்கியது. ஈரானுடனான அந்தப் போர்க்காலத்தில் ஈராக்கின் எண்ணெய் பெரும்பாலும் துருக்கி வழியான தரைக்குழாயை நம்பியிருந்தது. பின்னர் ஐ.நா. தடையால் நின்றிருந்த தெற்கு ஏற்றுமதி, ஐ.நா. அனுமதித்த ‘உணவுக்கு எண்ணெய்’ திட்டத்தின் கீழ் 1996 இறுதியில் மீண்டும் தொடங்கியது. 2004 ஏப்ரலில் வெடிபொருள் ஏற்றிய படகுகள் முனையங்களை நெருங்கி வெடித்தன.

நாட்டின் வருவாயில் மிகப் பெரும் பங்கு, வடிவமைப்பு ஆயுளைக் கடந்துவிட்ட, ஃபாவிலிருந்து செல்லும் அந்த இரு குழாய்களின் வழியே பாய்ந்துகொண்டிருந்தது. இந்நிலையே 2012-இல் ஒற்றைப்புள்ளி மிதவைகளைக் கொணர்ந்தது. கடலடியில் சங்கிலிகளால் நங்கூரமிடப்பட்ட இம்மிதவையில் கட்டப்படும் கப்பல், முளையில் கட்டிய மாடு போல, காற்றும் நீரோட்டமும் தள்ளும் திசைக்கேற்பச் சுற்றிவரும். மிதவையின் அடியிலுள்ள வளைகுழாய் வழியே எண்ணெய் ஏறும். மேடையை விட மலிவானதும் விரைந்து அமைக்கக்கூடியதுமான இம்மிதவைகள் ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு எட்டு இலட்சம் பீப்பாய்களுக்கு மேல் ஏற்றும் திறன் கொண்டவை. ஆயினும் ஃபாவில் சேமிப்புத் தொட்டிகளும் இறைப்பு நிலையங்களும் அதே வேகத்தில் வளராததால், அத்திறனின் ஒரு பகுதி பயன்படாமலே நின்றது. ஆழ்கடலில் தீர்ந்த நெருக்கடி, கரைக்கே திரும்பி வந்திருந்தது.