ஸ்தோத்திரம் என்ற சொல்லும் பொருளும்

'ஸ்து' என்னும் வடமொழி வேர் புகழ்தலைக் குறிப்பது. அவ்வேரினின்று பிறந்த 'ஸ்தோத்திரம்' என்ற பெயர், வேத காலத்து யாகசாலையில் மிகவும் வரையறுத்த பொருளில் வழங்கிற்று. சோமயாகத்தின்போது சாமவேதத்திற்குரிய உத்காதாவும் அவருடைய துணைவர்களும் இசையோடு பாடும் புகழ்ப்பாட்டு ஸ்தோத்திரம் என்றும், அதனைத் தொடர்ந்து ருக்வேதத்திற்குரிய ஹோதா இசையின்றி ஓதுவது சஸ்திரம் என்றும் பிரித்து வழங்கப்பட்டன. காலப்போக்கில் யாகசாலையை விட்டு வெளியே வந்த அச்சொல், சிவனையோ விஷ்ணுவையோ தேவியையோ போற்றும் செய்யுள் எதற்கும் பெயராயிற்று. தமிழில் அது குடியேறியபோது, மெய்யெழுத்து மொழிக்கு முதலில் நில்லாது என்ற நம் இலக்கண மரபுக்கு இணங்கித் தன் தலையெழுத்தை உதிர்த்துவிட்டுத் 'தோத்திரம்' ஆயிற்று. ஸ்தலம் தலமானதும் ஸ்தானம் தானமானதும் இவ்வாறே. அதே வேரில் முளைத்த 'ஸ்துதி' நம்மிடையே 'துதி' என்று நிலைத்தது. ஆதலால் துதியும் தோத்திரமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

சைவர்கள் தங்கள் அருள்நூல்களை இரண்டாக வகுத்து, பன்னிரு திருமுறைகளைத் தோத்திரம் என்றும், மெய்கண்டார் பெயரால் வழங்கும் பதினான்கு நூல்களைச் சாத்திரம் என்றும் கூறுவது யாவரும் அறிந்தது. அங்கெல்லாம் இச்சொல்லுக்கு முதற்பொருள் புகழ்ச்சியே. இறைவன் இத்தன்மையன், இவ்வழகினன், இவ்வாற்றலினன் என்று அவனை நோக்கி எடுத்துரைப்பது தோத்திரம். அவன் எனக்கு இன்னது செய்தான் என்பது அதனுள் அடங்கி வரலாமேயன்றி, அதற்கு இலக்கணம் ஆகாது. ஆனால் இன்று திருநெல்வேலிச் சீமையிலோ நாகர்கோவிலிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு கிறிஸ்தவ வீட்டில், தட்டில் சோறு விழுந்தவுடன் கண்மூடி ஸ்தோத்திரம் என்று சொல்லும் குழந்தை, தேவனுடைய தன்மைகளை வருணிக்கவில்லை. கிடைத்த சோற்றுக்கு நன்றி சொல்லுகிறது. புகழ்ச்சிக்கு உரியதாயிருந்த சொல் நன்றியறிதலையும் தன்னுள் ஏற்றுக்கொண்ட வரலாறுதான் இக்கட்டுரையின் பொருள்.

நன்றி என்னும் நம் சொந்தச் சொல்லின் நிலையை இவ்விடத்தில் சிறிது நோக்க வேண்டும். திருக்குறளின் பதினோராம் அதிகாரத்துக்குச் 'செய்ந்நன்றி அறிதல்' என்று பெயர். அங்கே நன்றி என்பது ஒருவர் செய்த நன்மை. அதை மறவாது உள்ளத்தில் வைப்பது அறிதல். ஆகவே பண்டைத் தமிழனுக்கு நன்றி வாயால் சொல்லும் பொருளாக இராமல், அறிந்து வைத்திருந்து காலம் வரும்போது ஒழுக்கத்தால் காட்டும் பொருளாக இருந்தது. இன்றும் நம் வீடுகளில் தாய் சோறு போட்டால் மகன் நன்றி என்று சொல்லுவதில்லை; சொன்னால் தாய் மனம் நோவாள். இம்மரபு மனிதருக்கிடையே மிகவும் பொருத்தமானது. எனினும், செய்த உபகாரத்துக்கு ஒருகாலும் கைம்மாறு செய்ய இயலாத ஒருவர் முன்னிலையில், அறிந்ததை அறிந்தேன் என்று வாய்திறந்து சொல்லுவதற்கு ஒரு சொல் வேண்டியிருந்தது.

அந்தத் தேவை வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்களுக்கு மிகக் கூர்மையாக எழுந்தது. 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1715-இல் அச்சிட்டு முடித்தார். அவர் குறையாக விட்டுச்சென்ற பழைய ஏற்பாட்டை சூல்ச் 1728-இல் நிறைவு செய்தார். சென்னையில் பப்ரிசியுஸ், பாளையங்கோட்டையில் இரேனியுஸ், யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் என்று ஒருவர்பின் ஒருவராக அந்த மொழிபெயர்ப்பைத் திருத்தியும் புதுக்கியும் வந்தனர். பெர்சிவலுக்குத் துணைநின்ற தமிழ்ப் புலவர், பிற்காலத்தில் சைவத்தின் அரணாக விளங்கிய ஆறுமுக நாவலர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. கடைசியாக 1871-இல் ஹென்றி பவர் தலைமையில் வெளிவந்த ஐக்கியத் திருப்புதல்தான் புரொட்டஸ்டண்டு வீடுகளில் வேரூன்றி, இச்சொல்லைச் சிறுவர் முதல் முதியோர் வரை அனைவருடைய நாவிலும் நிலைநிறுத்திற்று.

அவர்கள் முன்னே இருந்த எபிரெயச் சொற்களில் ஒன்று 'பாரக்' என்பது. தேவன் மனிதனை ஆசீர்வதிப்பதற்கும், மனிதன் தேவனைப் போற்றுவதற்கும் எபிரெய மொழி இந்த ஒரே சொல்லை வழங்குகிறது. தமிழ்நாட்டிலோ ஆசீர்வாதம் பெரியவரிடமிருந்து சிறியவருக்கு இறங்கி வருவது. பேரன் தாத்தாவை ஆசீர்வதித்தான் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆதலால் அந்த ஒரு சொல் தமிழில் இரண்டாகப் பிரிந்து, மேலிருந்து கீழே வருவது ஆசீர்வாதம் என்றும், கீழிருந்து மேலே செல்வது ஸ்தோத்திரம் என்றும் அமைந்தது. இவ்வளவோடு நின்றிருந்தால் ஸ்தோத்திரம் பழைய புகழ்ச்சிப் பொருளிலேயே இருந்திருக்கும். ஆனால் புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில், நன்றி செலுத்துதலைக் குறிக்கும் 'யூகரிஸ்தியோ' என்ற வேறொரு வினை வருகிறது. ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்தபோதும், காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் அப்பத்தைப் பிட்டபோதும் இயேசு செய்ததாகக் கூறப்படுவது இது. திருப்புதலாளர் இதற்கும் ஸ்தோத்திரம் என்ற அதே சொல்லையே பல இடங்களில் இட்டனர். அந்த முடிவினால் புகழ்ச்சியும் நன்றியும் தமிழில் ஒரே சொல்லுக்குள் சேர்ந்துகொண்டன. கத்தோலிக்கர் அக்கிரேக்கச் சொல்லின் பெயர்வடிவத்தை உறுப்புக்கு உறுப்பு பெயர்த்தாற்போல 'நற்கருணை' என்று திருவிருந்துக்கே பெயராக்கிக்கொண்டது தனியழகு.

இந்தச் சேர்க்கையை ஒரு மொழிபெயர்ப்புக் குறை என்று சிலர் கருதக்கூடும். மூலத்தில் இரண்டாயிருப்பதை இரண்டாகவே தருவதுதான் நேர்மை என்பது அவர்கள் வாதம். 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம், போற்றுதலைப் போற்றுதலாகவும் நன்றியை நன்றியாகவும் பிரித்துத் தெளிவாகத் தந்திருக்கிறது. வடசொல் அறியாத தலைமுறைக்கு அது பேருதவி என்பதில் ஐயமில்லை. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த தேவநேயப் பாவாணர் போன்ற பேரறிஞர்கள் தூய தமிழுக்காகப் பாடுபட்டதன் பயனைக் கிறிஸ்தவத் தமிழும் அடைந்திருக்கிறது. ஆயினும் நான் ஸ்தோத்திரத்தின் பக்கமே சாய்கிறேன். காரணம், நன்றி பெற்ற பொருளைப் பற்றியது. புகழ்ச்சி கொடுத்தவரைப் பற்றியது. பொருள் கையில் இருக்கும்வரை நன்றி எளிது. பொருள் போனபின் நாவில் என்ன சொல் மிஞ்சும்?

யோபுவின் சரித்திரத்தில் இக்கேள்விக்கு விடை உண்டு. மாடுகளும் கழுதைகளும் ஒட்டகங்களும் போய், கடைசியில் பத்துப் பிள்ளைகளும் ஒரே நாளில் மாண்டார்கள் என்ற செய்தி வந்தபோது, அவர் சால்வையைக் கிழித்துத் தலையைச் சிரைத்துத் தரையில் விழுந்து சொன்னதாக எழுதப்பட்டிருக்கும் வாக்கியத்தின் முடிவில் 'பாரக்' வேரிலிருந்து வந்த சொல்லே நிற்கிறது. தமிழில் அது ஸ்தோத்திரம். நம் சபைகளில் அடக்க ஆராதனையில் அந்த வசனம் வாசிக்கப்படுகிறது. துக்க வீட்டில், பிள்ளையை இழந்த தாயைப் பார்த்து நன்றி சொல் என்று எவரும் கேட்க மாட்டார்கள், கேட்பது கொடுமை. ஆனால் அவளே, யாரும் கேளாமல், விம்மலுக்கிடையே ஸ்தோத்திரம் என்று சொல்லுவதை நம் ஊர்களில் கேட்டவர்கள் அநேகர். அவள் இழப்புக்கு நன்றி சொல்லவில்லை. கொடுத்தவரை விட்டுவிடவில்லை என்று சொல்லுகிறாள். நேற்றுச் சோற்றுத் தட்டின் முன் சொன்ன சொல்லையே இன்று பாடையின் முன்னும் சொல்ல முடிவது, அச்சொல்லுக்குள் இரண்டு பொருளும் பிரியாமல் கிடப்பதனால்தான்.

இனி அச்சொல் வேதாகமத்தின் ஏடுகளிலிருந்து தெருவுக்கு இறங்கிய கதை. ஊழியரைக் கண்டால் "ஸ்தோத்திரம் ஐயா" என்பதும், அவர் "ஸ்தோத்திரம்மா, வீட்டில் எல்லாரும் சுகமா?" என்பதும் தென்மாவட்டங்களில் அன்றாட வழக்கு. கத்தோலிக்கக் கிராமங்களில் குருவானவரைப் பார்த்துத் "தோத்திரம் சாமி" என்பது அதனினும் பழைய மணமுள்ளது. வணக்கம் என்ற சொல் எதிரே நிற்பவரை வணங்குகிறது. ஸ்தோத்திரமோ எதிரே நிற்பவரிடம் சொல்லப்பட்டாலும் அவருக்கு உரியதன்று. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே மூன்றாமவராகிய தேவனைப் போற்றுகிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலியில் கூட்டங்கூட்டமாகத் திருச்சபையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர், எதிரே வரும் மேல்சாதியாரைக் கும்பிட்டு ஒதுங்கி நிற்க வேண்டியிருந்த மக்கள். அவர்களுக்கு, சொல்பவனும் கேட்பவனும் ஒரே சொல்லை ஒரே மட்டத்தில் நின்று பரிமாறும் இந்த முகமன் எத்தகைய விடுதலையாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். சாதி சபைக்குள்ளும் நுழைந்து உட்கார்ந்துகொண்டது என்பது நாம் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மை. அச்சொல் என்னவோ தன் கடமையைச் செய்துதான் வந்திருக்கிறது.

முகமனாக வந்த சொல் அன்றாட வாழ்வின் சந்துபொந்துகளிலெல்லாம் புகுந்தது. காய்ச்சல் விட்டால் ஸ்தோத்திரம்; கடைசிப் பேருந்து கிடைத்தால் ஸ்தோத்திரம்; போன மின்சாரம் திரும்பி வந்தால், இருட்டில் உட்கார்ந்திருந்த பாட்டி மெல்ல ஒரு ஸ்தோத்திரம். "எப்படி இருக்கிறீங்க அத்தை?" என்று கேட்டால், "ஸ்தோத்திரம், கர்த்தர் கிருபையாலே நடமாடுகிறேன்" என்பார்கள். இதில் பேருபகாரம், சிற்றுபகாரம் என்ற பாகுபாடு இல்லை. ஆகாயத்துப் பறவையையும் காட்டுப் புஷ்பத்தையும் காட்டித் தேவனுடைய பராமரிப்பைப் போதித்த மலைப்பிரசங்கம் இந்தப் பாட்டிமாருடைய வாயில் ஒரு சொல்லாகச் சுருங்கி வாழ்கிறது என்றே கூறுவேன். சில சபைகளில் ஆயிரம் ஸ்தோத்திரங்களை வரிசையாக அச்சிட்ட சிறு நூலை வைத்துக்கொண்டு, தேவனுடைய ஒவ்வொரு பெயரையும் செயலையும் சொல்லி ஸ்தோத்திரம் என்று முடிக்கும் வழக்கமும் இருக்கிறது. அடிக்கடி சொல்வதால் சொல் தேயும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் ஆயிரம் சொல்லும்போது அவற்றுள் பத்தாவது உள்ளத்திலிருந்து வருமானால், அந்தப் பத்தும் இல்லாதிருப்பதைவிட அது மேல் அல்லவா?

சொல்லோடு பொருளும் வளர்ந்தது. ஸ்தோத்திரக் காணிக்கை என்று அச்சிட்ட உறை ஒவ்வொரு கோயிலிலும் உண்டு. பிறந்தநாள், மகளின் தேர்ச்சி, அறுவைச்சிகிச்சையில் பிழைத்த உயிர் என்று காரணத்தை எழுதிப் பணத்தை இட்டால், குருவானவர் அதைச் சபை நடுவே வாசித்து ஜெபிப்பார். பாளையங்கோட்டையில் ஆண்டுதோறும் ஜூலை மாதம் கூடும் கூட்டத்துக்கு ஸ்தோத்திரப் பண்டிகை என்றே பெயர். அறுப்பின் பண்டிகையிலோ வாழைத்தாரும் தேங்காயும் பூசணியும் கோழியும் ஆட்டுக்குட்டியுமாகக் கோயில் முற்றம் நிறைந்துவிடும். ஆராதனை முடிந்ததும் ஏலம் நடக்கும். சந்தையில் சில ரூபாய்க்குப் போகும் பூசணிக்காய் அங்கே பல மடங்கு விலைக்குப் போவதும், கொண்டுவந்து வைத்தவரே அதைக் கேட்டு எடுப்பதும் உண்டு.

இவையெல்லாவற்றுக்கும் மூலம் லேவியராகமத்தில் சொல்லப்பட்டிருக்கும் ஸ்தோத்திரபலி. எபிரெயத்தில் அதற்குத் 'தோதா' என்று பெயர். அந்தச் சொல்லுக்கும் அறிக்கையிடுதல், புகழ்தல், நன்றி செலுத்துதல் ஆகிய மூன்று பொருளும் உண்டு என்பதால், நம் மொழிபெயர்ப்பாளர் சேர்த்த சேர்க்கை மூலத்துக்கே அந்நியமானதன்று என்பது விளங்கும். அப்பலியைப் பற்றிய ஒரு விதி என்னை எப்போதும் நிறுத்தி வைப்பது. சமாதான பலிகளில் வேறு சிலவற்றின் மாமிசத்தை மறுநாளும் புசிக்கலாம். ஸ்தோத்திரபலியின் மாமிசத்தையோ அன்றைக்கே புசித்துவிட வேண்டும், விடியற்காலம் மட்டும் ஒன்றும் மீதி வைக்கக்கூடாது. ஒரு முழு ஆட்டை ஒரு குடும்பம் ஒரே நாளில் தின்று தீர்க்க இயலாது. ஆகவே அண்டை அயலாரை அழைத்தே தீரவேண்டும். பூட்டி வைத்துக்கொள்ளும் நன்றியை அந்த விதி அனுமதிப்பதில்லை.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளில் பண்டிகையின் முடிவில் நடக்கும் 'அசனம்' என்னும் பொது விருந்தை இந்த விதியின் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அசனம் என்பதும் உணவைக் குறிக்கும் வடசொல்லே. பொது வழக்கில் அருகியபின்னும் அங்கே அது உயிரோடு இருக்கிறது. இரவு முழுவதும் பெரிய அண்டாக்களில் சோறு வடித்து, ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்க, விடிந்தபின் ஊர் முழுவதும் வந்து உட்காருகிறது. அரிசியும் ஆடும் காணிக்கையாக வந்தவை. உண்பவர்களில் கிறிஸ்தவர் உண்டு, கிறிஸ்தவரல்லாத அண்டைவீட்டாரும் உண்டு. வர இயலாத நோயாளிக்கும் முதியவருக்கும் தூக்குவாளியில் அனுப்புகிறார்கள். பந்தி ஓய்ந்த பிறகு அண்டாவில் எஞ்சியிருப்பதையும், அன்று பொழுது சாய்வதற்குள், கேட்டவர் கேளாதவர் என்று பாராமல் வீடு வீடாகப் பகிர்ந்து கொடுத்துவிடுகிறார்கள்.