முன்னோர் வைத்த துப்பாக்கி

முன்னோர் தேடி வைத்த பொருள்களுள் நிலத்தின் தன்மையைப் பத்திரம் கூறும். பொன்னின் தன்மையை உரைகல் கூறும். பழைய வேட்டைத் துப்பாக்கியின் தன்மையைக் கூறுவது யாது? மேலே அழகுறப் பொறித்த பெயர் என்பர் சிலர். அது விற்ற கடைக்காரர் பெயராகவும் இருத்தல் கூடும். குழலைக் கழற்றி அடிப்புறம் நோக்கின் சிறு முத்திரைகள் சில காணப்படும். அவையே அதன் உரைகல் என்க.

ஆங்கில நாட்டில் லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கம் 1637-இல் அரச பட்டயம் பெற்றது. பர்மிங்ஹாம் நகரத்துச் சோதனைச்சாலை 1813-இல் பார்லிமெண்டுச் சட்டத்தால் ஏற்பட்டது. வழக்கத்தினும் மிகுந்த மருந்திட்டுச் சுட்டு, பழுதுறாத குழலுக்கே அங்கு முத்திரை இடுவர்.

முற்காலத்துத் துப்பாக்கிகள் வாய்வழியே மருந்து கெட்டித்துச் சுடப்பட்டவை. 19-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியிற் பிரான்சு நாட்டினின்றும், குழலை மடித்துத் திறந்து தோட்டா இடும் முறை பரவிற்று. 1875-இல் ஆன்சன், டீலி என்னும் இருவர் வெளியே குதிரை தோன்றாத விசையமைப்பை இயற்றினர். ஆயினும் வெளிக்குதிரையுடையனவும் அதன்பின் நெடுங்காலம் செய்யப்பட்டமையின், குதிரையை மட்டும் கண்டு காலத்தைத் துணிதல் ஆகாது.

அக்காலத்துக் குழல்கள் பல, இரும்பும் எஃகுமாகிய பட்டைகளை முறுக்கிச் சுற்றிக் காய்ச்சி இணைக்கப்பட்டவை. அவற்றின்மேல் நீரலை போன்ற கோலம் தோன்றும். டமாஸ்கஸ் குழல் என்பது அவற்றின் பெயர். அவற்றுட் பெரும்பாலன கரிமருந்துக்கென்றே அமைந்தவை. பின்னர்ப் புகையற்ற மருந்து வழக்கிற்கு வந்தது. பர்மிங்ஹாமில் 1904 முதல் 1954 வரை, அம்மருந்தாற் சோதிக்கப்பட்ட குழலுக்கு முடியின்கீழ் 'என். பி.' என்னும் எழுத்துக்கள் பொறிக்கப்பட்டன. 'நாட் பார் பால்' என்னும் தொடர் காணப்படின், அது 1875-க்கும் 1887-க்கும் இடைப்பட்ட சோதனையைக் குறிக்கும். வாய் குறுகிய அக்குழலில் ரவையன்றித் தனிக்குண்டு இடலாகாது என்பது அதன் பொருள்.

முத்திரை இருந்தால் மட்டும் போதுமோ? போதாது. சோதித்த நாளுக்குப்பின் துருவினாலும் தேய்வினாலும் குழல் மெலிந்திருக்கலாம். ஆதலின் தேர்ந்த துப்பாக்கித் தொழிலாளி அளந்து பார்த்தல் இன்றியமையாதது.

தோட்டாவிலும் கருத்து வேண்டும். ஒரு ராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சமவுருண்டைகளாக்கினால், ஓர் உருண்டையின் குறுக்களவே 12 போர்க் குழலின் உள்ளளவு. பழையவற்றுட் பலவற்றின் தோட்டா அறை 2½ அங்குலம். 2¾ அங்குலத் தோட்டா அதனுள் இடரின்றி நுழையும். ஏனெனில் அவ்வளவு, சுட்டபின் வாய் விரிந்த நீளத்தைக் குறிப்பது. சுடுங்கால் விரியும் வாய்க்கு இடமின்றி அழுத்தம் மிகும். இதனினும் கொடியது, 20 போர்த் தோட்டா 12 போர்க் குழலுள் வழுக்கிச் சென்று தங்குதல். அதனை அறியாது பின்னே மற்றொன்றை இட்டுச் சுடின் குழல் வெடிக்கும். எஃகு ரவையும் பழங்குழலுக்கு ஆகாது.

இங்கிலாந்தில் அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை பெசண்டு பறவை வேட்டை நடைபெறும். அங்கே வேலி கடக்கும்போது தோட்டாவை எடுத்துத் துப்பாக்கியை மடித்துத் திறந்து வைத்தலும், குறிக்கு அப்பால் யாருளர் என்று நோக்கியே சுடுதலும் வேட்டையாளர் ஒழுக்கமாம்.

நம் நாட்டின் நிலை வேறு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்திற்று. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமின்றிச் செய்தது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, தந்தையின் லைசென்சு மைந்தருக்குத் தானே வந்தெய்துவதன்று. உரியவர் காலமானவுடன் துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்திலோ லைசென்சு பெற்ற வணிகரிடமோ ஒப்புவித்து, வாரிசுகள் தம் பெயருக்கு லைசென்சு வேண்டி விண்ணப்பித்தல் முறை. பரணில் மறைத்து வைத்தல் முன்னோர்க்குப் பெருமை ஆகாது, பின்னோர்க்கு வழக்காகும்.

ஆதலின் சங்கத்தாருள் எவரில்லத்தேனும் இத்தகைய துப்பாக்கி இருப்பின், முதலில் லைசென்சை நோக்குக. பின்னர் முத்திரையை நோக்குக. இவ்விரண்டும் தெளியுமுன் அதிற் கைவையாதிருத்தலே குடும்பத்திற்கு நலமாம்.