மாவு நூலாகும் விந்தை

சீனாவின் கான்சு மாகாணத் தலைநகர் லான்சோ. மஞ்சள் ஆற்றங்கரையில் உள்ள அந்நகரின் தெருமுனைச் சாப்பாட்டுக் கடையொன்றில் ஒரு காலை வேளையில் நீங்கள் நுழைவதாகக் கொள்வோம். மாட்டிறைச்சி ரசத்தில் நூடுல்ஸ் வேண்டும் என்றதும், "எந்தப் பருமனில்?" என்று கேட்பார்கள். மயிரிழை போன்றதா? வெங்காய இனக் கீரையொன்றின் தட்டை இலை போன்றதா? அல்லது அகன்ற பட்டையா?

நீங்கள் சொன்னதும் சமையற்காரர் கோதுமை மாவுத் திரி ஒன்றை இரு கைகளாலும் இழுக்கிறார், இரண்டாக மடிக்கிறார், மீண்டும் இழுக்கிறார். ஒவ்வொரு மடிப்பிலும் இழைகளின் எண்ணிக்கை இரட்டிக்கிறது. 6 மடிப்புகளில் 64 இழைகள். 8 மடிப்புகளில் 256. மாவின் கன அளவு மாறுவதில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே நீளத்திற்கு இழுத்தால் இழையின் குறுக்குவெட்டுப் பரப்பு பாதியாகும். எனவே 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள திரி, 8 மடிப்புகளுக்குப் பின் 1 மில்லிமீட்டர் இழையாகிறது. நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்!

இழை ஏன் அறுவதில்லை? கோதுமையிலுள்ள புரதங்கள் நீருடன் சேர்ந்து பிசையப்படும்போது 'குளூட்டன்' என்னும் மீள்தன்மையுள்ள வலையமைப்பாகின்றன. லான்சோவில் மரபாக ஒரு செடியின் சாம்பலிலிருந்து எடுத்த காரத்தையும் மாவில் சேர்ப்பர். காரம் வலையை இறுக்குகிறது. மாவுக்கு இளமஞ்சள் நிறமும் தருகிறது.

இக்கலை புதிதன்று. 6-ஆம் நூற்றாண்டில் ஜியா சிசியே எழுதிய 'சிமின் யாவோஷு' என்னும் வேளாண்மை நூல், மாவை உணவுக்குச்சிப் பருமனுக்கு இழுத்து, துண்டாக்கி, நீரில் ஊறவைத்து, கையால் மெல்லியதாக்கி வேகவைக்கும் முறையைக் கூறுகிறது. எவ்வளவு மெல்லியதாக? அதே கீரை இலையளவு! இன்றும் லான்சோக் கடைகளில் வழங்கும் அளவுப்பெயர் ஏறத்தாழ 1,500 ஆண்டுப் பழமையுடையது.

இதற்கும் முன்னால்? லான்சோவுக்கு மேற்கே, அதே மஞ்சள் ஆற்றின் கரையில், சிங்காய் மாகாணத்தில் லாஜியா என்னும் தொல்லூர் உள்ளது. அங்கே கவிழ்ந்து புதைந்திருந்த மட்கிண்ணம் ஒன்றினடியில் சுமார் 4,000 ஆண்டுப் பழமையான, 50 சென்டிமீட்டர் வரை நீண்ட மெல்லிய இழைகள் காணப்பட்டன. 2005-இல் 'நேச்சர்' இதழில் இச்செய்தி வெளியாயிற்று. அவற்றிலிருந்த மாவுத் துகள்களையும் நுண்ணிய சிலிக்காத் துகள்களையும் ஆராய்ந்தவர்கள், இழைகள் தினையாலும் பனிவரகாலும் ஆனவை என்றனர்.

இங்கேதான் சிக்கல். தினையில் குளூட்டன் இல்லை, இழுத்தால் அறுந்துவிடும். மேலும், வேகவைத்த மாவுத் துகள் தன் வடிவை இழந்துவிடுமே என்று 2011-இல் வேறு ஆய்வாளர்கள் மறுப்புரைத்தனர். முதற் குழுவினர் விடவில்லை. மாவை ஓரளவு வேகவைத்துப் பிசைந்து, துளைகளின் வழியே அழுத்திப் பிழிந்தால் தினையிலும் நீண்ட இழை வரும் என்று 2014-இல் செய்து காட்டினர். நம் வீட்டு இடியாப்ப உரல் செய்யும் வேலையும் இதுவே. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள்: இப்படிச் செய்ய முடியும் என்பது வேறு, லாஜியா மக்கள் இப்படித்தான் செய்தார்கள் என்பது வேறு.

நூடுல்ஸை மார்க்கோ போலோதான் இத்தாலிக்குக் கொண்டுவந்தார் என்று ஒரு கதை நெடுநாள் வழங்கிற்று. அவர் பிறந்தது 1254-இல். சிசிலித் தீவில் மாவிழைகள் செய்து கப்பலேற்றி அனுப்புவதை அல் இத்ரீசி 1154-இலேயே எழுதிவிட்டார். ஓர் ஆண்டுக் கணக்கிலேயே கதை உடைந்துபோயிற்று.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை தட்டில் நூடுல்ஸ் வரும்போது, அது எந்தத் தானியம், இழுத்ததா, வெட்டியதா, பிழிந்ததா என்று கேளுங்கள். சமையலறையும் ஓர் ஆய்வுக்கூடமே. வரலாறும் அங்கே சோதனைக்கு உட்பட்டதே.