பாரிசில் உடைந்த மிஷினும் திருப்பூர் பனியனும்

தையல் மிஷினைக் கண்டுபிடித்தது சிங்கர் என்று யாராவது சொன்னால், பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு வாய் சும்மா இருக்காது. அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது திருப்பூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். இங்கே மிஷினுக்கே சிங்கர் என்றுதான் பெயர். கம்பெனி வாசல்களில் ‘சிங்கர், ஓவர்லாக் டெய்லர் தேவை’ என்று பலகை தொங்கும்.

சிங்கருக்கு இருபது வருஷம் முந்தியவர் பார்த்தெலெமி திமோனியே என்ற பிரெஞ்சுத் தையற்காரர். 1830-இல் காப்புரிமை வாங்கினார். பாரிசில் 80 மிஷின்களோடு பட்டறை போட்டு ராணுவத்துக்குச் சீருடை தைத்தார்கள். 1831 ஜனவரியில், பிழைப்பு போய்விடும் என்று பயந்த தையற்காரர்கள் கூட்டமாகப் புகுந்து மிஷின்களை உடைத்துப் போட்டார்கள். திமோனியே 1857-இல் ஏழையாகவே இறந்தார்.

அவருடைய மிஷின் ஒற்றை நூலில் போட்டது சங்கிலித் தையல். ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணி. அரிசி மூட்டையின் வாயில் இருக்குமே, அதுதான். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று பிரிந்துவிடும். அமெரிக்காவில் ஹோவ் 1846-லும் சிங்கர் 1851-லும் காப்புரிமை பெற்ற மிஷின்கள் போட்டது வேறு தையல். மேல் நூலும், அடியில் பாபின் நூலும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். லேசில் பிரியாது. உலகம் அதைத்தான் எடுத்துக்கொண்டது. நம் வீடுகளில் பெண்கள் கால்மிதி மிஷினில் பழகியதும் அதுவே. முதலில் நூல் கோக்காமல், கோடு போட்ட தாளில் ஓட்ட வேண்டும். சக்கரம் பின்னோக்கிச் சுற்றாமல் கால் பழகிய பிறகுதான் துணி.

ஆனால் பனியன் துணி நெய்த துணி அல்ல, பின்னிய துணி. இழுத்தால் நீளும். பூட்டுத் தையல் அந்த அளவுக்கு நீளாமல் பட்டென்று அறுந்துவிடும். அதனால் பனியனுக்குக் கண்ணித் தையலே வேண்டியிருந்தது. ஓவர்லாக்கும் பேட்லாக்கும் பல நூல்களில் கண்ணி கோக்கும் மிஷின்கள். திமோனியேயின் சங்கிலிக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம்.

திருப்பூரில் 1920-களில் தொடங்கிய பனியன் தொழில், 1978-இல் இத்தாலிக்காரர் ஒருவர் வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்த பிறகு ஏற்றுமதிப் பக்கம் திரும்பியது. முன்பு ஆண்களே உட்கார்ந்திருந்த மிஷின்களில் அதன் பின்னர் பெண்களும் பெருவாரியாக உட்கார்ந்தார்கள். எங்கள் தெரு பவர்டேபிளில் கற்றுக்கொள்வதைப் பார்க்கிறேன். கைமடிக்க வந்த பெண், சாப்பாட்டு நேரத்தில் சும்மா இருக்கும் ஓவர்லாக்கில் உட்கார்ந்து கட்டிங் வேஸ்ட்டை ஓட்டிப் பார்க்கிறாள். மோட்டார் மிஷின், காலைக் கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் துணி பறந்துவிடும். ஊசிக்குப் பக்கத்திலேயே கத்தி. சிங்கரில் கோணினால் பிரித்துத் தைக்கலாம்; ஓவர்லாக்கில் கோணினால் துணியே வெட்டுப்பட்டுவிடும். ஆகவே அவள் முதலில் கற்பது வேகத்தை அல்ல, காலை அடக்குவதை.

பாரிஸ் தையற்காரர்களின் பயம் முழுக்கப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். அவர்களுக்கு ஒரு சட்டையை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை தைக்கத் தெரியும். இங்கே ஒருத்தி தோள் மட்டும் மூட்டுவாள், இன்னொருத்தி கை மட்டும். வருஷக்கணக்கில் தைத்தும் ஒரு முழுச் சட்டையைத் தனியாகத் தைக்காதவர்கள் உண்டு. அதே சமயம், பரம்பரைத் தொழில் இல்லாத வீட்டுப் பெண்ணும் சில வாரங்களில் கற்று, சனிக்கிழமை சம்பளம் வாங்கித் தன் கையில் வைத்திருக்கிறாள். அந்தக் காலத்தில் எந்தத் தையற்காரரும் அவளைச் சீடப்பிள்ளையாகச் சேர்த்திருக்க மாட்டார்.

நண்பர்களே, உங்கள் பனியனை ஒருமுறை உட்புறம் திருப்பிப் பாருங்கள். பக்கவாட்டு மூட்டில் கம்பளிப் பூச்சிபோல் நெருக்கமாக ஓடுவது ஓவர்லாக். அடிமடிப்பில் வலைபோல் தெரிவது பேட்லாக். இரண்டையும் தைத்தது பெரும்பாலும் வெவ்வேறு கைகள்.