ஜலகண்டாபுரம் செந்தில்குமாரும் முதலாண்டுத் தேர்ச்சி விதியும்

மேட்டூர் பக்கத்து ஜலகண்டாபுரத்திலிருந்து 2007இல் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியலில் முனைவர் பட்டம் படிக்கப் போனவர் செந்தில்குமார். பன்றி வளர்ப்பைத் தொழிலாகக் கொண்ட பன்னியாண்டி சமூகத்தில் பிறந்தவர். 2008 பிப்ரவரி 24 அன்று விடுதி அறையில் இறந்து கிடந்தார். முதலாண்டைக்கூட அவர் முடித்திருக்கவில்லை.

ஆய்வு மாணவர்கள் முதலாண்டில் சில தாள்களை எழுதித் தேற வேண்டும் என்பது அங்கே விதி. அதில் தேறாவிட்டால் உதவித்தொகைக்கே ஆபத்து. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அது சில மாதக் கைச்செலவு. செந்தில்குமார் போன்ற ஒருவருக்கோ சோறும் தங்குமிடமும் படிப்பும் அந்தத் தொகைதான். அவர் ஒரு தாளில் தவறியிருந்தார். அவருக்கு ஆய்வு நெறியாளரும் ஒதுக்கப்படவில்லை.

மாணவர்கள் போராடிய பிறகு பேராசிரியர் வினோத் பவராலா தலைமையில் ஒரு குழு விசாரித்தது. இயற்பியல் துறையில் தாள்கள் தொடர்பான நடைமுறைகளும் நெறியாளர் ஒதுக்கும் முறையும் தெளிவில்லாமல், ஆளுக்கொரு விதமாகச் செயல்பட்டதை அது சுட்டிக்காட்டியது. இதில் சிக்கித் தவித்தவர்களில் பெரும்பாலோர் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் என்பதையும் பதிவு செய்தது. விதியில் சாதிப் பெயர் இல்லை. ஆனாலும் அது யார்மேல் விழுந்தது என்று பார்த்தால் சாதி தெரிந்தது.

ஏழாண்டு கழித்து, 2015இல், ரூர்க்கி ஐஐடி தன் முதலாண்டு மாணவர்கள் எழுபதுக்கும் மேற்பட்டோரை வெளியேற்றியது. சராசரி மதிப்பெண் புள்ளி 5க்குக் கீழே போனதுதான் காரணம். அவர்களிலும் பெரும்பாலோர் இடஒதுக்கீட்டில் வந்தவர்கள். உயர் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. எதிர்ப்பு வலுத்த பின்னரே இன்னொரு வாய்ப்புத் தர நிர்வாகம் இறங்கிவந்தது. அதாவது, வாய்ப்புத் தர முடியாது என்பது முதலிலேயே பொய்.

"தகுதி இல்லாதவர்களை எப்படி வைத்திருப்பது?" என்று கேட்பவர்களுக்கு அம்பேத்கரின் படிப்பு வரலாற்றைக் காட்டுங்கள். 1907இல் மெட்ரிகுலேஷனில் அவர் பெற்றது 750க்கு 282. அந்த மதிப்பெண்ணைப் பார்த்துக் கதவை மூடாமல் பரோடா மன்னர் உதவித்தொகை கொடுத்தார். 1917இல் உதவித்தொகை முடிந்து லண்டன் படிப்பு பாதியில் நின்றபோது, நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து தொடரலாம் என்று பல்கலைக்கழகம் அனுமதித்தது. 1920இல் திரும்பிப் போனார். ரூபாய் பற்றிய அவருடைய ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் திருத்தி எழுதச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். திருத்திக் கொடுத்து 1923இல் பட்டம் பெற்றார். உதவித்தொகை, கால அவகாசம், மறுவாய்ப்பு ஆகிய மூன்றும் கிடைத்ததால்தான் அவருடைய திறமை பட்டமாக மாறியது. 1944இல் தொடங்கிய போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குப் பின்னாலும் அவருடைய முயற்சி இருந்தது.

இன்று மேட்டூரிலிருந்து சேலத்துக்கும் சென்னைக்கும் படிக்கப் போகும் நம் பிள்ளைகள், முதல் பருவத்தில் அரியர் விழுந்ததும் "எனக்குப் படிப்பு வராது" என்று முடிவு கட்டிக்கொள்கிறார்கள். தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலப் பாடநூலோடு மல்லுக்கட்டுவது அவர்களுடைய குற்றம் இல்லை. துணைப் பயிற்சி தர வேண்டியது கல்லூரியின் கடமை.

எனவே தோழர்களே, சேர்ந்த முதல் வாரத்திலேயே விதிகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எத்தனை சதவீத வருகை வேண்டும், தவறினால் எப்போது மறுதேர்வு, உதவித்தொகை எந்த நிலையில் நிற்கும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆய்வு மாணவர் என்றால் நெறியாளர் ஒதுக்கீட்டு ஆணையைக் கேளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012 ஒழுங்குமுறை, சமவாய்ப்பு மையத்தையும் பாகுபாட்டுக்கு எதிரான அலுவலரையும் கல்லூரிகளில் கட்டாயமாக்கியது. உங்கள் கல்லூரியில் அந்தப் பொறுப்பில் இருப்பவர் யார் என்று கேளுங்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். உங்கள் விடுதியில் ஒருவர் தாளில் தவறினால் அன்றிரவு அவரைத் தனியே விடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், சாப்பிட அழைத்துப் போங்கள், மறுநாள் அவரோடு அலுவலகத்துக்கும் போங்கள்.