காதைத் தொட்ட கை

1950களில் மலாயாவில், எங்கள் சிலிம் ரிவர் தோட்டத்துப் பள்ளியில் சேர, வயதுக்கு வலக்கைதான் சாட்சி. தலைக்கு மேல் வளைத்து இடக்காதைத் தொட வேண்டும். எனக்கு முதல் தடவை எட்டவில்லை. “அடுத்த வருஷம் கொண்டாம்மா” என்றார் வாத்தியார். அம்மா என்னை மறுபடி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு ரப்பர் பால் வெட்டப் போனார்.

7 முதல் 14 வயதுவரை 10 பிள்ளைகள் இருந்தாலே தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். ஆனால் வயதைக் காட்ட, தொழிலாளர் லயத்தில் பலரிடம் பிறப்புப் பத்திரம் ஏது?

காது தொடுவதிலும் ஒரு கணக்கு இருந்தது. பிறக்கும்போது தலை மட்டுமே உடல் நீளத்தில் கால் பங்கு. பிறகு கைகால் நீண்டு தலையை முந்தும். ஆறேழு வயதில், பால்பல் ஆடத் தொடங்கும் சமயம், விரல் காதுக்கு வந்துவிடும். அது எலும்பின் கணக்கு, புத்தியின் கணக்கல்ல. அரைவயிற்றுப் பிள்ளைக்கு எலும்பு தாமதிக்கும். இதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

பக்கத்து வீட்டுத் தோழி ரப்பர் விதைகளை வரிசையாக அடுக்கிப் பெருக்கல் போடுவாள். இரண்டு வருஷம் அவள் கை எட்டவில்லை. பள்ளிச் சன்னலுக்கு வெளியே நின்றே எட்டாம் வாய்ப்பாடுவரை மனப்பாடம் செய்திருந்தாள்.